மில் எப்போது நின்றது என்று கேளுங்கள்

திருவாரூர் மாவட்டத்தில் ஒரு பாலிடெக்னிக்கில் மின்னியல் பாடம் நடத்துகிறேன். டிப்ளமோ முடித்தவர்களை உள்ளூர் நவீன அரிசி மில்களில் தொழிற்பழகுநர்களாக (அப்ரண்டிஸ்) சேர்த்தது எப்படி என்று பக்கத்துக் கல்லூரி ஆசிரியர்கள் சிலர் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட எழுதிவிடுவது மேல்.

வழக்கமான ஏற்பாடு எல்லோருக்கும் தெரிந்ததுதான். கடைசி ஆண்டில் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், ஓசூர் பக்கமிருந்து ஆள் எடுக்க வருவார்கள். காலையில் தேர்வு, மாலையில் பட்டியல், மறுநாள் கல்லூரி வாசலில் பேனர். அதைக் குறை சொல்லவில்லை. என் மாணவர்கள் பலருக்குச் சோறு போடுவது அந்தத் தொழிற்சாலைகள்தான். ஆனால் அதே பிப்ரவரியில் இங்கே சம்பா நெல் வந்து குவிந்து, மில்கள் இரவு பகலாக ஓடுகின்றன. அரிசியில் கறுப்பையும் பழுப்பையும் பிரிக்கும் கலர் சார்ட்டர் நின்றுவிட்டால், அதைப் பார்க்கக் கோயம்புத்தூரிலிருந்து ஆள் வரும்வரை முதலாளி கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருப்பார். அவருடைய மில்லுக்கும் எங்கள் மின்னணு ஆய்வகத்துக்கும் நடுவே இருப்பது ஒரு டவுன் பஸ் தூரம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: புரிந்துணர்வு ஒப்பந்தத்தில் தொடங்காதீர்கள். பொன்னாடை, கைகுலுக்கல், செய்தித்தாளில் படம் என்று அது ஒரு நாளில் முடிந்துவிடும். பிறகு கோப்பு பீரோவுக்குப் போகும். எங்கள் பீரோவிலும் அப்படிச் சில கோப்புகள் தூங்குகின்றன. "உங்களுக்கு என்ன திறன் உள்ள ஆள் தேவை?" என்று மில்லில் கேட்பதும் பயன்படாது. "பையன் ஒழுங்காக இருந்தால் போதும் சார்" என்பார்கள். அதை வைத்துக்கொண்டு எந்தப் பாடத்திட்டத்தை எழுதுவது?

நான் கேட்டது வேறு: போன சீசனில் மில் எந்தெந்த நாள் நின்றது, எதனால் நின்றது, யார் வந்து சரிசெய்தார்கள்? இதற்கு முதலாளிகளிடம் துல்லியமான பதில் இருந்தது. காசு போன நாள் யாருக்கு மறக்கும்? மேஜை டிராயரிலிருந்து நோட்டை எடுத்து வாசித்தே காட்டினார்கள். சார்ட்டரில் கெட்ட அரிசியை ஊதித் தள்ளும் காற்று வால்வுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. கம்ப்ரஸர் தொட்டியின் அடியில் இருக்கும் வடிகால் வால்வை யாரும் திறந்துவிடவில்லை. நெல்லை உலர்த்தும் டிரையரின் விசிறி மோட்டார் டிரிப் ஆகி நின்றுகொண்டே இருந்தது. நெல்லை மேலே ஏற்றும் எலிவேட்டரின் பெல்ட் வழுக்கியது. பாய்லர் குழாயில் உப்புப் படிந்தது.

கடைசியில் சொன்னதைக் கேட்டதும் எனக்கு முதலாண்டு வேதியியல் ஆய்வகம் ஞாபகம் வந்தது. கடற்கரையை நெருங்க நெருங்க நம் பக்கத்துப் போர்த் தண்ணீர் உவர்க்கும், கடினமாகவும் இருக்கும். அதிலுள்ள கால்சியமும் மெக்னீசியமும் பாய்லர் குழாயின் உட்புறம் படிந்தால் வெப்பம் தண்ணீருக்குப் போய்ச் சேராது. உமி கூடுதலாக எரியும். குழாயும் சீக்கிரம் கெடும். தண்ணீரின் கடினத்தன்மையை ஈ.டி.டி.ஏ. கரைசல் கொண்டு கண்டுபிடிக்கும் சோதனையை எங்கள் மாணவர் ஒவ்வொருவரும் செய்கிறார்கள். சிவப்பு நீலமாக மாறியதும் அளவைக் குறித்து, பக்கத்துப் பெஞ்சுக்காரனின் விடையோடு ஒத்துப்போகும்படி திருத்தி, கையெழுத்தும் வாங்கிவிடுவார்கள். அந்தச் சோதனைக்கு மில் தண்ணீரையே கொண்டுவந்து கொடுத்தோம். தண்ணீரை மென்மையாக்கும் கலத்தின் ரெசினை உப்புக் கரைசல் விட்டு எப்போது புதுப்பிக்க வேண்டும் என்று மில்லுக்குச் சொன்னது ஒரு மாணவிதான். இரவு ஷிப்டைக் காட்டி "பெண் பிள்ளைகள் வேண்டாம்" என்று சொல்லியிருந்த முதலாளி, தண்ணீர் சோதனைக்கும் நெல்லின் ஈரப்பதம் பார்க்கவும் அவளையே கேட்டு வாங்கிக்கொண்டார்.

ஈரப்பதம் என்றால் டெல்டாவில் அது தனி அரசியல். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் வரம்பு 17 சதவீதம். குறுவை அறுவடை வடகிழக்குப் பருவமழையோடு மோதிக்கொள்ளும்போதெல்லாம் வரம்பைத் தளர்த்தச் சொல்லி டில்லிக்குக் கடிதம் போகும். இது பழைய தலைவலி. ஈர நெல்லைக் கெடாமல் காப்பது எப்படி என்று ஆராயத்தான் 1967இல் திருவாரூர் கூட்டுறவு நவீன அரிசி ஆலையில் ஓர் ஆய்வகம் தொடங்கப்பட்டது. இன்று தஞ்சாவூரில் இருக்கும் தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனத்துக்கு விதை அதுதான். மில்லும் ஆய்வகமும் ஒரே கூரையின் கீழ் இருந்த ஊர் இது; பாலிடெக்னிக்கும் மில்லும் பேசிக்கொள்வதை நாம் என்னவோ புதுமைபோல் கொண்டாடுகிறோம்.

ஈரப்பதமானியில் நடப்பது எங்கள் துறைப் பாடம். பெரும்பாலான கருவிகள் நெல்லின் மின்தேக்குத் திறனை, அதாவது மின்னூட்டத்தைத் தேக்கிவைக்கும் திறனை, அளந்து, அதிலிருந்து ஈரத்தைக் கணக்கிடுகின்றன. களத்தில் வெயிலில் காய்ந்த சூட்டோடு நெல்லைப் போட்டால் ஓர் அளவு, ஆறிய பிறகு போட்டால் வேறு அளவு. அழுத்தி நிரப்பினால் ஓர் அளவு, தளர நிரப்பினால் வேறு. மாணவர்களை மில்லின் கருவியில் ஒரே மாதிரியைப் பலமுறை அளக்கச் செய்து, அதே நெல்லைக் கல்லூரி அடுப்பில் 105 டிகிரியில் ஒரு நாள் முழுக்க வைத்து எடை குறைவதைப் பார்த்து ஒப்பிடவைத்தேன். மின்தேக்கி பாடத்தை அத்தனை கவனமாக அந்த வகுப்பு கேட்டதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பாதிப் பேர் விவசாயி வீட்டுப் பிள்ளைகள். "ஈரம்" என்று சொல்லித் திருப்பி அனுப்பப்பட்ட மூட்டைகளை நேரில் பார்த்தவர்கள்.

இனிக் காகித வேலை. 1961ஆம் ஆண்டுத் தொழிற்பழகுநர் சட்டப்படி 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் பழகுநர்களைக் கட்டாயம் எடுக்க வேண்டும். 4 முதல் 29 பேர் வரை இருந்தால் விருப்பம். ஒப்பந்தத் தொழிலாளர்களும் இந்தக் கணக்கில் சேர்வார்கள். மொத்த ஆட்களில் 2.5 முதல் 15 சதவீதம் வரை எடுக்கலாம் என்பதால் சின்ன மில்லில் ஒருவர் இருவருக்கு மேல் இடமில்லை. நாங்கள் சேர்த்தபோது டிப்ளமோ முடித்தவருக்குக் குறைந்தபட்ச உதவித்தொகை மாதம் 8,000 ரூபாய். அதில் பாதியை மத்திய அரசு ஏற்றுக்கொண்டது. நீங்கள் சேர்க்கும்போது தொகை மாறியிருக்கலாம், தரமணியில் உள்ள தென்மண்டலப் பயிற்சி வாரியத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

முதலாளிகளின் பயம் பணம் பற்றியதல்ல. "அரசாங்கக் கணக்கில் பெயர் ஏறினால் நாளைக்கு பி.எஃப். என்று வந்து நிற்பார்கள் சார்" என்பதுதான். சட்டப்படி பழகுநர் பயிற்சி பெறுபவரே தவிரத் தொழிலாளி அல்லர், பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடித்தம் கிடையாது. ஆனால் வேலையில் காயம்பட்டால் இழப்பீடு தரும் பொறுப்பு முதலாளியுடையது. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். இரண்டாவதை மறைத்து ஆள் சேர்க்கும் வேலை எனக்கு வேண்டாம். ஓடும் பெல்ட்டுக்குப் பக்கத்தில் நிற்கப்போவது என் மாணவன்.

பழகுநர் பயிற்சிக்கான இணையதளப் பதிவு மாணவருக்குத் தனி, மில்லுக்குத் தனி. நேரத்தைத் தின்றது மாணவர்களின் இனிஷியல். மதிப்பெண் பட்டியலில் முன்னால், ஆதாரில் பின்னால், வங்கியில் அப்பா பெயர் முழுதாக. கல்வி உதவித்தொகைக்காகத் திறந்து பிறகு தொடாமல் விட்ட கணக்குகள் செத்துக் கிடந்தன. இவற்றை ஐந்தாம் பருவத்திலேயே சரிசெய்யச் சொல்லுங்கள். மில் தரப்பில் உரிமம் அப்பா பெயரில், ஜி.எஸ்.டி. அண்ணன் தம்பி கூட்டில் என்று இருக்கும். அவர்களுடைய ஆடிட்டரிடம் நேராகப் பேசினால் வேலை முடியும்.

காலத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். மே மாத விடுமுறையில் குறுகிய பயிற்சிக்கு அனுப்பினால் மில் ஓடாது என்று சலித்துக்கொள்வார்கள். எனக்கு அதுதான் பிடித்தது. ஜூன் 12இல் மேட்டூர் திறக்கும் கணக்கை வைத்து, குறுவை நெல் வருவதற்குள் எல்லா இயந்திரத்தையும் கழற்றி மாட்டும் பருவம் அது. உமி உரிக்கும் ஷெல்லரில் இரண்டு ரப்பர் உருளைகள் வெவ்வேறு வேகத்தில் எதிரெதிராகச் சுற்றுகின்றன. வேகமாகச் சுற்றுவது முதலில் தேயும். தேய்ந்தால் இரண்டுக்கும் உள்ள வேக வித்தியாசம் சுருங்கி உமி சரியாக உரியாது. அதனால் உருளைகளை இடம் மாற்றி மாட்டுவார்கள். சத்தத்தை வைத்தே அந்த நேரம் வந்துவிட்டது என்று சொல்லும் மெக்கானிக் அண்ணன் ஒருவர், "ஏன் மாற்றுகிறோம், சொல்லு தம்பி" என்று என் மாணவனை மடக்கினார். அவன் கணக்குப் போட்டுக் காட்டியதும் அவரே அவனுக்கு டீ வாங்கிக்கொடுத்தார்.

பெற்றோர் விஷயம் கடினமானது. "மில்லுக்கு அனுப்பவா டிப்ளமோ படிக்கவைத்தேன்?" என்று கேட்ட அப்பா மூட்டை தூக்குபவர். நியாயமான கேள்வி. மில் என்றால் அவருக்குத் தூசியும் முதுகு வலியும்தான். அவரை சார்ட்டர் அறைக்கு அழைத்துப்போய்த் திரையைக் காட்டினோம்; ஒன்றும் பேசாமல் பார்த்துவிட்டுச் சம்மதித்தார். வேறு சிலர் பார்த்த பிறகும் மறுத்தார்கள்.

தீராமல் நிற்பவை இரண்டு. அறுவடை இயந்திரம் பழுது பார்க்கும் பட்டறைகளில் மூன்று பேருக்கு மேல் இருப்பதில்லை. அவை சட்டத்தின் கணக்குக்குள்ளேயே வராது. ஹைட்ராலிக் கற்க அவற்றைவிட நல்ல இடம் இங்கே இல்லை, அதனால் விடுமுறைப் பயிற்சிக்கு மட்டும் அனுப்புகிறோம். இரண்டாவது, சம்பளம். பயிற்சி ஆண்டு முடிந்ததும் ஒரு மாணவன் ஒரகடத்துக்குப் போய்விட்டான்; அங்கே தருவதில் அறை வாடகையும் சாப்பாடும் போக மிஞ்சுவதைவிட மில்லில் தருவதாகச் சொன்னது குறைவு. முதலாளி எனக்கு வருத்தத்தோடு போன் செய்து, அடுத்த பையனை எப்போது அனுப்புவீர்கள் என்று கேட்டார். பயிற்சி முடிந்த பிறகு என்ன சம்பளம் என்பதை இப்போதே எழுதிக் கொடுங்கள், அனுப்புகிறேன் என்றேன். யோசித்துச் சொல்வதாக வைத்துவிட்டார். அந்த மில்லுக்கு இந்த ஆண்டு இன்னும் யாரையும் அனுப்பவில்லை.