முகப்பு வளைவும் கொளுக்கி இல்லாத கதவும்

எங்கள் கல்லூரியின் ஐந்தாண்டுத் திட்டத்தை எழுதும் வேலை என்னிடம் வந்ததற்கு ஒரே காரணம், நான் சித்திர ஆசிரியை, கையெழுத்து வடிவாக இருக்கும் என்பதுதான். கடைசியில் எல்லாவற்றையும் கணினியில்தான் அடித்தோம்.

பெயரில்தான் கல்லூரி. திருகோணமலை நகரத்திலிருந்து பஸ்ஸில் கொஞ்சத் தூரம், கடலை ஒட்டிய ஒரு மாகாணப் பாடசாலை. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் நகரத்துப் பெரிய பாடசாலைகளுக்கு வான் ஏறிவிட, எங்கள் வகுப்புகள் வருடத்துக்கு வருடம் மெலிந்தன.

முதல் வரைவு சுகமாக முடிந்தது. பழைய திட்டத்தை எடுத்து ஆண்டுகளை மாற்றினேன். தூரநோக்கு, பணிக்கூற்று பற்றி மட்டும் இரண்டு பின்னேரம் கதைத்தோம். பலம், பலவீனம், வாய்ப்பு, அச்சுறுத்தல் என்று நாலு கட்டம் கீறினால், பலத்தின் கீழ் எல்லோரும் எழுதியது ‘அர்ப்பணிப்புள்ள ஆசிரியர்கள்’. அதிபர் வாசித்துவிட்டு, “ரீச்சர், இதில வேற பள்ளிக்கூடத்தின்ர பெயரைப் போட்டாலும் சரியாத்தானே இருக்கும்?” என்றார்.

பிறகுதான் சேர்விடாப்பையும் வரவு இடாப்புகளையும் வைத்துக்கொண்டு எண்ணத் தொடங்கினேன். ஆறாம் வகுப்போடு போகிறவர்கள் தெரிந்த கதை. ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பெண்பிள்ளைகள் பலர் மாதாமாதம் மூன்று நான்கு நாள் வராமல் விடுவது அப்போதுதான் கண்ணில் பட்டது. வீடுகளுக்குப் போனோம். ஒரு தாய் சொன்னார்: “பிள்ளை வீட்டுக்கு வரும்வரைக்கும் தண்ணி குடிக்கிறேல்ல ரீச்சர். அந்தக் கக்கூசுக்குப் போக ஏலாதாம்.” ஐந்து கதவில் மூன்றுக்குக் கொளுக்கி இல்லை. ஒன்றில்தான் தண்ணீர். நான் அங்கே பதினொரு வருடமாகப் படிப்பிக்கிறேன். ஆசிரியைகளுக்குத் தனி மலசலகூடம், தனித் திறப்பு.

இரண்டாவது இடி மாடிக்கட்டடம். பூசி வர்ணம் அடிக்க வேண்டும் என்று எழுதியிருந்தோம். பார்க்க வந்த தொழில்நுட்ப உத்தியோகத்தர் தூணைச் சுத்தியலால் தட்டினார், கோறையான சத்தம். உப்புக் காற்றில் உள்கம்பி துருப்பிடித்தால் அது பருத்து, மேல் கொங்கிறீற்றைப் பிளந்துகொண்டு வரும். வர்ணம் அடித்தால் வெடிப்பு மறையும், அவ்வளவுதான். அன்றைக்கே கட்டடம் பூட்டப்பட்டது. உண்மையைச் சொன்னால், இருக்கிற பிள்ளைகளுக்கு அது தேவைப்படவும் இல்லை. அங்கிருந்த நூலகத்தை ஆசிரியர் அறைக்கு மாற்றுவது என்று மூன்றாம் வரைவில் எழுதினேன். ஒரு மாதம் பலர் என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.

வெளிநாட்டுப் பழைய மாணவர்கள் தங்கள் வகுப்பாண்டு பொறித்த முகப்பு வளைவு கட்டித் தர ஆயத்தமாக இருந்தார்கள். சூமில் இரவிரவாக வாதம். “வளைவைப் பார்த்துத்தான் சனம் மதிக்கும்” என்றார் ஒரு அண்ணா. நான் ஒன்றும் சொல்லாமல் கொளுக்கி இல்லாத கதவின் படத்தை வட்சப் குழுவில் போட்டேன். ரொறன்ரோவிலிருந்து ஒரு அக்கா எழுதினார்: “எங்கட காலத்திலயும் இதே கதவுதான்.” அதற்குப் பிறகு அக்காமார் ஒவ்வொருவராகக் கதைக்கத் தொடங்கினார்கள். மலசலகூடக் காசு அந்தக் கிழமையே சேர்ந்துவிட்டது.

திட்டம் எழுதுகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். அரசாங்கக் காசு ஜனவரி–டிசம்பர் கணக்கு. மதிப்பீடு, கேள்விப்பத்திரம் (ஒப்பந்தகாரரிடம் விலை கேட்பது) என்று இழுபட்டால் வேலை தொடங்க ஐப்பசி மழை வந்துவிடும். அதற்கு முன், கச்சான் என்கிற வறண்ட தென்மேல் காற்று வீசும் மாதங்களில் முடிக்கலாம். ஆனால் அந்த வெக்கைக் காற்றில் புதுக் கொங்கிறீற்றுக்கு ஈரச்சாக்குப் போட்டு விடாமல் தண்ணீர் ஊற்ற வேண்டும். எங்கள் மேசன் ஒருநாள் மறந்தார், ஒரு தளம் வெடித்தது.

நாலாம் வரைவு ஏற்கப்பட்டது. மலசலகூடத்தை நாடா வெட்டாமலே திறந்தோம். யாரைக் கூப்பிடுவது என்று முடிவாகவில்லை. மாடிக்கட்டடம் இன்னும் பூட்டித்தான் கிடக்கிறது, இடிக்க அனுமதி வர வேண்டும். முகப்பு வளைவின் படம் இப்போதும் இடைக்கிடை குழுவில் வரும். புதிய படத்தில் இரண்டு பக்கமும் யானை வேறு.