தாத்தா வீட்டு வயரிங்

ஜூன் 2

கும்பகோணத்தில் தாத்தா 1956-ல் கட்டிய வீடு இது. அடுத்த மாதம் அத்தை குடிவருகிறார். கீசர், வாஷிங் மெஷின் எல்லாம் வரும். அதற்குள் வயரிங் எந்த நிலையில் இருக்கிறது என்று தெரிந்தாக வேண்டும். சுவரெல்லாம் தேக்கு ரீப்பர், அதன்மேல் கிளிப் அடித்த ரப்பர் வயர். எது எங்கே போகிறது என்று கண்ணாலேயே பார்த்துக்கொண்டு போகலாம், அது ஒரு வசதி.

ஜூன் 3

மெயினை அணைத்து, டெஸ்டர் வைத்துப் பார்த்த பிறகு கூடத்து சீலிங் ரோஸை (விளக்கு வயர் கூரையில் சேரும் இடத்து மூடி) திறந்தோம். வயர் முனை வெள்ளையாக மின்னியது. கூட வந்த பையன் அலுமினியம் என்றான். எலெக்ட்ரீஷியன் அண்ணன் கத்தியால் லேசாகச் சுரண்டினார், உள்ளே செம்பு. அந்தக் காலத்து ரப்பரில் கந்தகம் உண்டு. அது செம்பை அரிக்கும் என்பதால் வெள்ளீயம் பூசியிருக்கிறார்கள். செம்பு இன்றும் நன்றாகவே இருக்கிறது. ரப்பர்தான் தொட்டதும் பொடிப்பொடியாக உதிர்கிறது, பல்பு சூடு படும் இடத்தில் ரொம்ப மோசம். பழைய முனைகளை இழுத்து ஆட்டவே கூடாது.

மீட்டர் பலகையில் நியூட்ரலுக்கும் (மின்சாரம் திரும்பிப் போகும் வயர்) ஃபியூஸ் போட்டிருக்கிறார்கள். அது மட்டும் போனால் விளக்கு அணைந்துவிடும், பாயிண்டில் ஃபேஸ் (மின்சாரம் வரும் வயர்) உயிரோடுதான் இருக்கும், தொட்டால் ஷாக்.

ஜூன் 5

இன்று எர்த்து, அதாவது கசியும் மின்சாரத்தை மண்ணுக்கு இறக்கும் வயர். கூடத்தில் எல்லாம் இரண்டு பின் சாக்கெட், அங்கே எர்த்து கிடையாது என்பது பார்த்தாலே தெரியும். எனக்குப் பயம் அடுப்படியில் பின்னாளில் மாட்டிய மூன்று பின் சாக்கெட் மேல்தான். ஃபேஸுக்கும் எர்த்துக்கான பெரிய ஓட்டைக்கும் டெஸ்ட் லேம்ப் வைத்தால் பளிச்சென்று எரிகிறது. யாரும் எர்த்து இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். கழற்றிப் பார்த்தால், நியூட்ரல் திருகிலிருந்து எர்த்து திருகுக்கு ஒரு துண்டு வயர்! வழியில் நியூட்ரல் அறுந்தால் ஃபிரிட்ஜின் உடம்புக்கே 230 வோல்ட் வந்துவிடும். 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்சாரம் கசிந்தால் லைனை அணைக்கும் ஸ்விட்ச்) இருந்தாலும், யாராவது தொடும்வரை அதற்குத் தெரியாது. துண்டை அப்போதே எடுத்துவிட்டோம்.

நிஜமான எர்த்து ஒன்றுதான்: இரும்பு மெயின் ஸ்விட்சிலிருந்து கிணற்றடிக்கு இறங்கும் ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) கம்பி. மண்ணுக்குள் போகும் இடத்தில் துருப்பிடித்து கையோடு வந்துவிட்டது.

ஜூன் 8

எலெக்ட்ரீஷியன் அண்ணன் மெக்கர் (வயர் உறை மின்சாரத்தைக் கசியவிடுகிறதா என்று அளக்கும் கருவி) வைத்து 500 வோல்ட்டில் பார்த்தார். அடுப்படி லைன் ஒரு மெகா ஓம்கூடக் காட்டவில்லை, உறை அவ்வளவு மோசம். பழைய வயரோடு ஒரு பச்சை வயரைச் சேர்த்து இழுத்தால் போதாதா என்கிறார் சித்தப்பா. எனக்குச் சம்மதமில்லை. ரப்பர் உதிரும் வயருக்கு எர்த்து மட்டும் கொடுத்து என்ன பயன்? முழுக்க மாற்றுகிறோம். கீசருக்குத் தனி லைன், எர்த்துக்குக் கிணற்றடியிலேயே புதுக் குழி, 2.5 மீட்டர் ஜி.ஐ. குழாய், கரியும் உப்பும்.

குழி வெட்ட ஆள் செவ்வாய்க்கிழமை வருகிறார். அதுவரை அடுப்படி ஃபியூஸ் கேரியர் (ஃபியூஸ் கம்பி மாட்டும் கழற்றும் பிடி) என் பையில்தான் இருக்கும்.