நிலாவைக் காட்டிய விரல்

கல்லிடைக்குறிச்சியில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் மகனை இடுப்பில் வைத்துக்கொண்டு நிலாவைக் காட்டிப் பருப்புச் சோறு ஊட்டிய மாலைகளை நினைத்தால், அவனுடைய ஆட்டிசத்தை அவன் அப்போதே எனக்குக் காட்டியிருக்கிறான் என்பது இப்போது புரிகிறது. நான் வானத்தை நோக்கி விரலை நீட்டுவேன். அவனோ விரல் போன திசையைப் பார்க்காமல் என் கண்ணாடி வளையலையே பார்த்துக்கொண்டிருப்பான். அப்போது அவனுக்கு ஒன்றரை வயது.

வீட்டில் எல்லோரும் பேச்சு வரவில்லையே என்று மட்டுமே கவலைப்பட்டோம். "பயப்படாதம்மா, இவன் அப்பனும் மூணு வயசுலதான் வாயத் தொறந்தான்" என்றார் அத்தை. நாங்கள் காட்டிய மருத்துவர் ஒருவரும் மூன்று வயதுவரை பொறுத்துப் பார்க்கச் சொன்னார். அப்படியே பத்து மாதங்கள் போயின. அந்தப் பத்து மாதங்களை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை.

பேச்சுக்கு முன்பே விரல் பேசத் தொடங்கிவிடும் என்பதை எனக்கு யாரும் சொல்லவில்லை. ஒரு வயதை ஒட்டிப் பெரும்பாலான குழந்தைகள் சுட்டிக்காட்டத் தொடங்குகிறார்கள். வேண்டியதைக் கேட்கச் சுட்டுவது ஒரு வகை, காக்காயைக் காட்டிவிட்டு "நீயும் பார்த்தாயா" என்பதுபோல் அம்மாவின் முகத்தைத் திரும்பிப் பார்ப்பது இன்னொரு வகை. இந்த இரண்டாவது வகை வராவிட்டால்தான் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். என் மகன் தண்ணீர் வேண்டுமென்றால் என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துச் சென்று, முகத்தைப் பார்க்காமலேயே, என் கையைச் செம்பின்மேல் வைப்பான். அதை அவனுடைய சமர்த்து என்று நான் பெருமைப்பட்டேன். பெயரைச் சொல்லி அழைத்தால் திரும்பாதவன், அப்பளப் பாக்கெட் பிரிக்கும் சத்தத்துக்கு அடுத்த அறையிலிருந்து ஓடி வருவான்.

16 முதல் 30 மாதக் குழந்தைகளுக்கென்று எம்-சாட் என்ற 20 கேள்விகள் கொண்ட படிவம் இருக்கிறது. அது ஆட்டிசத்தை முடிவுசெய்வதற்கானது அன்று, மேற்கொண்டு பரிசோதிக்க வேண்டுமா என்று மட்டுமே சொல்லும். 2013-இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின்படி மருத்துவக் குழுவினர் ஆண்டுக்கு இரண்டு முறை அங்கன்வாடிக்கு வர வேண்டும். அவர்கள் வரும்போது எடை பார்த்ததோடு குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடாமல் உங்கள் சந்தேகத்தைக் கேளுங்கள். வளர்ச்சியில் சந்தேகமுள்ள குழந்தைகளைப் பரிசோதித்துப் பயிற்சி தரும் மாவட்ட இடையீட்டுச் சேவை மையத்துக்கு எழுதித் தரச் சொல்லுங்கள். ஆட்டிசம்தான் என்று முடிவாகும்வரை பயிற்சிக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.

எங்களுக்குக் கிடைத்த முதல் பயிற்சி ஒரு கண்ணாடி டப்பா. அவனுக்கு உயிரான பொரித்த அப்பளத்தை அதற்குள் போட்டு, அவனால் திறக்க முடியாதபடி மூடியை இறுக்கி, கைக்கெட்டும் இடத்தில் வைத்துவிட்டுப் பக்கத்தில் பேசாமல் உட்கார வேண்டும். முதலில் டப்பாவைத் தரையில் அடித்தான், அழுதான். பிறகு என் மடியில் கொண்டுவந்து போட்டான். மூன்றாவது வாரத்தில் டப்பாவைத் தந்துவிட்டு என் கண்ணை ஒரு நொடி பார்த்தான். அந்த நொடியிலேயே திறந்து கொடுத்தேன். "தா" என்ற சொல் வர மேலும் நான்கு மாதங்கள் ஆயின. மாற்றுத்திறனாளிகளுக்காகத் தென்காசி அருகே ஆய்க்குடியில் இயங்கும் அமர் சேவா சங்கத்தின் பணியாளர்கள் கிராமங்களில் வீடு தேடிச் சென்று தாய்மாருக்குச் சொல்லித்தருவதும் இப்படி வீட்டிலேயே செய்யக்கூடிய பயிற்சிகளைத்தான்.

வளர்ப்பில் குறை என்று யார் சொன்னாலும் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். தடுப்பூசியும் காரணமில்லை, அப்படிக் கிளப்பிவிட்ட 1998-ஆம் ஆண்டுக் கட்டுரையை, வெளியிட்ட இதழே 2010-இல் திரும்பப் பெற்றுவிட்டது.

எதிர்வீட்டு மதினியின் பேத்திக்குப் பதினேழு மாதம். அவளும் பெயர் சொல்லி அழைத்தால் திரும்புவதில்லை. ஆட்டிசம் என்ற சொல்லை நான் எடுக்கவில்லை. முதலில் காது கேட்கிறதா என்று பார்த்துவிடலாம் என்று மட்டும் சொன்னேன். திங்கட்கிழமை பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரிக்குப் போகிறோம். காது கேட்கும் திறனைப் பார்க்கும் பெரா பரிசோதனையின்போது குழந்தை அயர்ந்து தூங்க வேண்டும் என்பதால், பஸ்ஸில் அவளைத் தூங்கவிடாமல் விளையாட்டுக் காட்டிக்கொண்டே போவது என் பொறுப்பு.