மானசரோவரமும் அதன் அண்டை ஏரியும்

திபெத்தின் எல்லையூரான தக்லாகோட்டிலிருந்து கயிலைக்குச் செல்லும் சாலையில் முதலில் தெரிவது இராட்சசதாலம். இராவணன் தவமிருந்த ஏரி என்றும் உவர்ப்பு கலந்த நீர் என்றும் சொல்லி யாத்திரிகர் அதில் தீர்த்தமாடுவதில்லை; எங்கள் வண்டியும் அங்கே நிற்கவில்லை.

மேட்டைக் கடந்ததும் மானசரோவரம் விரிந்தது. தெற்கே குர்லா மாந்தாதாவின் பனிமுகடுகள், வடக்கே கயிலைநாதர். ஏறத்தாழ 4,590 மீட்டர் உயரத்தில், சுமார் 410 சதுர கிலோமீட்டர் பரந்து, ஆழமான இடத்தில் 80 மீட்டர் அளவுக்கு இறங்கும் அந்த நீர்ப்பரப்பைக் கண்டபோது 'சிவாயநம' என்பதற்கு மேல் வாயில் சொல் எழவில்லை.

ஏரிக்குள் இறங்கி நீராட இப்போது அனுமதிப்பதில்லை. வாளியில் மொண்டு, கரையிலிருந்து விலகி நின்று தலையில் ஊற்றிக்கொள்ள வேண்டும். உடன் வந்தவர்களில் சிலருக்கு இது மனக்குறைதான். எனக்கோ, சோப்பும் எண்ணெயும் படாமல் தீர்த்தத்தைக் காப்பதும் பூசையே என்று தோன்றியது. மொள்ளக் குனிந்தபோது, முழங்கை ஆழத்தில் கிடந்த கூழாங்கற்களின் செந்நிற வரிகள்கூடத் துலக்கமாகத் தெரிந்தன. உள்ளங்கையில் அள்ளிய நீருக்கடியில் ரேகைகளை எண்ணலாம்.

பனியுருகி ஓடைகளில் வரும் வண்டல் ஆழத்தில் படிந்துவிடுகிறது. குளிரும் சத்துக் குறைவும் பாசியைப் பெருக விடுவதில்லை. நீர் மிகும் ஆண்டுகளில் கங்கா சூ என்னும் ஓடை வழியே மேற்கேயுள்ள இராட்சசதாலத்துக்கு உபரிநீர் வடிவதால், உப்பு இங்கே தேங்குவதில்லை. போக்கிடமற்ற அந்த ஏரியோ வந்த உப்பைத் தன்னிடமே வைத்துக்கொள்கிறது. நஞ்சை மிடற்றில் நிறுத்தியவனின் சந்நிதியில் வழிகாட்டி இதைச் சொல்லக் கேட்டபோது மனம் இளகிவிட்டது.

மாலையில் வரித்தலை வாத்துகள் குஞ்சுகளோடு கரையோரம் நீந்தி வந்தன. வெண்ணிறத் தலையில் இரண்டு கரும்பட்டைகள். அவற்றைப் பார்த்ததும் திருநெல்வேலிச் சீமையின் கூந்தன்குளம் நினைவுக்கு வந்தது. குளிர்காலத்தில் இமயத்தைத் தாண்டி அங்கே வரும் பறவைகளும் இதே இனம்தான். கயிலை வழியில் ஒரு பொய்கையில் மூழ்கித் திருவையாற்றில் எழுந்த அப்பரடிகளை எண்ணாமல் இருக்க முடியவில்லை. இவை முட்டையிட்டு அடைகாப்பது எங்கே என்று வழிகாட்டியிடம் கேட்டேன். அவர் மேற்கே கைநீட்டி, இராட்சசதாலத்தின் தீவுகளைச் சொன்னார்.

திரும்பும் வழியில் வண்டியை அந்த ஏரியருகே நிறுத்தச் சொல்லி இறங்கினேன். காற்று பலமாக வீசிக்கொண்டிருந்தது. திருநீறு பூசி, கரையில் விழுந்து வணங்கிவிட்டு ஏறிக்கொண்டேன்.