ஒரு தட்டுச் சோறு என்றால் எவ்வளவு?

9 அங்குலத் தட்டை மாற்றி 11 அங்குலத் தட்டு வாங்கினால், பரப்பளவு ஏறக்குறைய ஒன்றரை மடங்காகிவிடும். அதை நிரப்பும் சோறும் அப்படியே.

பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் பார்பரா ரோல்ஸ் குழு 2002இல் வெளியிட்ட ஆய்வில், மக்ரோனி சீஸை 500 கிராம் முதல் 1 கிலோ வரை நாளுக்கு ஓர் அளவாக வைத்தார்கள். 500 கிராம் வைத்த நாளைவிட 1 கிலோ வைத்த நாளில் 30 சதவீதம் கூடுதல் கலோரி உள்ளே போனது. வயிறு நிறைந்த உணர்வோ இரண்டு நாளும் ஒன்றுதான். எனக்குப் பெரிய கவலை இதுதான்: எவ்வளவு தின்றோம் என்று வயிறு சொல்வதில்லை.

ஆகவே தராசு வேண்டும். 100 கிராம் அரிசி வெந்தால் சுமார் 300 கிராம் சோறு, 350 கலோரி. வெறும் தட்டைத் தராசில் வைத்துச் சுழியமாக்கி, வழக்கம்போலப் போட்டுப் பாருங்கள். பலருக்கும் அதிர்ச்சியாக இருக்கும்.

நம் சாப்பாட்டில் கணக்கு தப்புவது மறுசோற்றில்தான். குழம்புக்கு, ரசத்துக்கு, மோருக்கு என்று மூன்று முறை கரண்டி இறங்குகிறது. 200 கிராமை முதலிலேயே போட்டு, மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள். சோற்றுப் பானை அடுப்படியிலேயே இருக்கட்டும். பொரியல் மட்டும் பக்கத்தில் இருந்தால் போதும்.