கவிழ்ந்த ஊமத்தை: ரிங்லெட் நாட்குறிப்பு

3 செப்டம்பர் 2023, ஞாயிறு

முப்பது ஆண்டுக்கு மேல் தேயிலைத் தோட்டத்தில் கண்டக்டராக, அதாவது வேலை மேற்பார்வையாளனாக, இருந்தவன் நான். அன்றன்றைய வேலையை எழுதி வைக்காமல் ஒரு நாளும் படுத்ததில்லை. ஓய்வு பெற்று ஆறு மாதமாக விரல் நமநமக்கிறது. எழுதுவதற்கு இப்போது நூற்றுக்கணக்கான ஏக்கர் இல்லை. மலேசியாவின் கேமரன் மலையில், ரிங்லெட்டில் இருக்கும் என் வீட்டில் இரண்டு செடிதான் இருக்கின்றன.

இரண்டும் ஊமத்தை மரங்கள். அம்மா வைத்த பெயர் அது. மலாய்க்காரர்கள் கெச்சுபுங் என்பார்கள். புத்தகப் பெயர் புரூக்மான்சியா. கோயிலுக்குப் பறிக்கும் ஊமத்தம்பூ வானத்தைப் பார்க்கும். இது தலை கவிழ்ந்து தரையைப் பார்க்கும். ஊமத்தங்காயில் முள் இருக்கும். இதன் காய் வழவழப்பாக நீண்டு தொங்கும். வெள்ளைப்பூச் செடியை வேலியோரம் சாக்கடைப் பக்கம் நட்டிருக்கிறேன், மழை முழுவதும் அதன் தலையில்தான். வெளிர் ஆரஞ்சுப்பூச் செடி வாசலில் தகரக் கூரைக்குக் கீழே ஒரு நீலப் பீப்பாயில் நிற்கிறது.

தாப்பாவில் இருக்கும் என் தங்கை இதே வெள்ளைச் செடியின் கிளையைக் கொண்டுபோய் வைத்தாள். ஆளுயரத்துக்கு இலை விட்டது, பூ பெயருக்குத்தான். அடிவாரத்துப் புழுக்கம் இதற்கு ஆகாது. கேமரன் மலையின் குளிர்ந்த இரவுதான் இதைப் பூக்க வைக்கிறது. போன மாதம் வேலியோரச் செடியில் ஒரே சமயத்தில் நாற்பத்தொரு பூ எண்ணினேன். மாலை ஆறு மணிக்கு மேல் வாசம் சாலை வரை போனது. இன்று ஒரு பூவும் இல்லை.

14 செப்டம்பர், வியாழன்

பூ இல்லாமல் போனதற்குக் காரணம் நத்தை. சந்தேகமே இல்லை. காலையில் டார்ச் அடித்துப் பார்த்தேன். ஓடில்லாத நத்தைகள் அடித்தண்டில் வரிசை கட்டி ஏறிக்கொண்டிருந்தன. முப்பத்தேழு பொறுக்கி உப்புத் தண்ணீரில் போட்டேன். மனைவி எண்ணிக்கையைக் கேட்டுவிட்டு, "கொழுந்து நிறுக்கிற மாதிரி நிறுத்தும் பார்த்தீர்களா?" என்றாள்.

24 செப்டம்பர், ஞாயிறு

நத்தை போன பிறகும் செடி தேறவில்லை. நத்தை தின்றால் ஓட்டை இருக்க வேண்டும். இங்கே ஓட்டை இல்லை. நுனிக் குருத்து மட்டும் கெட்டுப்போயிருக்கிறது: இலை விரலகலத்துக்குக் குறுகி, ஓரம் கீழ்நோக்கி வளைந்து, தொட்டால் காய்ந்த அப்பளம் போல விறைப்பாக இருக்கிறது. அடிப்புறம் செம்பு நிறத்தில் மினுங்குகிறது. மொட்டுகள் அரிசி அளவில் நின்று உதிர்கின்றன. அடியில் உள்ள பழைய இலைகளுக்கு ஒரு குறையும் இல்லை.

வெள்ளை ஈ மட்டும் கண்ணில் பட்டது. கிளையை உலுக்கினால் மாவு பறப்பது போலப் பறக்கிறது. ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஐந்து மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சவர்க்காரம் கலந்து இலையின் அடிப்புறமாக அடித்தேன்.

7 அக்டோபர், சனி

பக்கத்து நிலத்துத் தவுக்கே, அதாவது சீன முதலாளி, வந்தார். எஸ்டேட் கடையில் வளர்ந்தவர். தமிழ் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. என் வேலிக்கும் அவருடைய பிளாஸ்டிக் கூடாரத்துக்கும் இடையில் பத்தடிதான். உள்ளே மிளகாயும் தக்காளியும்.

"கண்டக்டர், இது வைரஸ். வெட்டி எடுத்துவிடுங்கள்."

"வைரஸ் என்று எப்படிச் சொல்கிறீர்கள்?"

"குருத்து சுருண்டிருக்கிறதே. நாளைக்கு என் மிளகாய்க்கு வந்தால் யார் பணம் கொடுப்பது?"

கோபம் வந்தது. ஆனால் அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஊமத்தை மரம், மிளகாய், தக்காளி, கத்தரி, உருளை, புகையிலை எல்லாம் ஒரே குடும்பம். புகையிலைத் தேமல் வைரஸ் கத்தி வழியாகவும் கை வழியாகவும் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போகும், அதற்கு மருந்தும் கிடையாது. பத்து நாள் தவணை கேட்டேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனார்.

இரவு மனைவியிடம் ஒரு செய்தி சொன்னேன். ஊமத்தை மரத்தின் தாயகம் தென் அமெரிக்கா. அங்கே காட்டில் இதன் ஏழு இனங்களுமே அற்றுப்போய்விட்டதாகப் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் பட்டியலிட்டிருக்கிறது. மனிதர் வீட்டருகே நட்டு வளர்ப்பதால்தான் உலகில் இருக்கிறது. அவள் பாத்திரம் தேய்த்துக்கொண்டே, "அதற்காக நாம் தவுக்கேயோடு சண்டை போட வேண்டுமா?" என்றாள்.

15 அக்டோபர், ஞாயிறு

தவணை முடிவதற்குள் கெட்ட நுனிகளையாவது எடுத்துவிடலாம் என்று காலையில் கவாத்து செய்தேன். தண்டு மேலே போய் கவட்டை போல இரண்டாகப் பிரியும் இடத்துக்குக் கீழே வெட்டினால், அடுத்த கவட்டை வரும் வரை பூவுக்குக் காத்திருக்க வேண்டும். அதனால் கவட்டைக்கு மேலேயே நிறுத்திக்கொண்டேன். கத்தியை ஒவ்வொரு வெட்டுக்கும் குளோரின் கலந்த தண்ணீரில் முக்கினேன். கையுறை போடவில்லை. எத்தனை ஆண்டு அனுபவம், கையுறை எதற்கு?

பதினோரு மணிக்குப் பேத்தி என்னை உற்றுப் பார்த்தாள்.

"தாத்தா, உங்கள் ஒரு கண் மட்டும் பூனைக் கண் மாதிரி இருக்கிறது."

கண்ணாடியில் பார்த்தேன். இடது கண்ணின் பாப்பா அகலமாகத் திறந்து, கருவிழியில் பழுப்பு நிறம் ஓரத்தில் ஒரு கோடாக மட்டும் மிச்சம் இருந்தது. வலது கண் வழக்கம் போல. நாளிதழைப் பிடித்தால் இடது கண்ணுக்கு எழுத்து மங்கியது. வாசல் வெளிச்சம் ஊசியாகக் குத்தியது. பக்கவாதமோ என்று மனைவிக்குக் கை நடுங்கியது, எனக்கும்தான், காட்டிக்கொள்ளவில்லை.

கிளினிக்கில் இருந்த இளம் டாக்டர் கையைத் தூக்கு, சிரி, பேசு என்று சோதித்துவிட்டு, "காலையில் என்ன வேலை செய்தீர்கள்?" என்று கேட்டார். சொன்னேன். சிரித்துவிட்டார். சாறு பட்ட விரலால் கண்ணைக் கசக்கியிருக்கிறேன். செடி முழுவதும், வேரிலிருந்து பூந்தூள் வரை, அட்ரோபின், ஸ்கோபோலமின் என்ற நஞ்சுகள். கண் மருத்துவர் கண்ணில் சொட்டு விட்டு விரிய வைப்பதும் அட்ரோபின் வகை மருந்தால்தான். ஓரிரு நாளில் தானாகச் சுருங்கும் என்றார். "வயிற்றுக்குள் போயிருந்தால் ஆம்புலன்சில் வந்திருப்பீர்கள்" என்றும் சொன்னார். வயிற்றுக்குள் போனால் நாக்கு வறண்டு, நெஞ்சு படபடத்து, இல்லாத ஆளோடு பேச ஆரம்பிப்பார்கள். உன்மத்தம் என்ற சொல்லிலிருந்துதான் ஊமத்தை என்ற பெயர் வந்தது. பெயர் வைத்தவர்கள் பார்த்துத்தான் வைத்திருக்கிறார்கள்.

பேத்திக்கு அந்த இடத்திலேயே சட்டம் போட்டேன்: பூவைத் தொடக்கூடாது, தொட்டால் சவர்க்காரம். அவள் சிரிக்காமல் என் இடது கண்ணைக் காட்டினாள்.

17 அக்டோபர், செவ்வாய்

கண் சரியாகிவிட்டது. ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு இரண்டு நாள் சும்மா உட்கார்ந்திருந்ததில் ஒன்று உறைத்தது. வைரஸ் என்றால் இலையில் மஞ்சளும் பச்சையுமாகத் தேமல் தெரிய வேண்டும். இங்கே தேமல் இல்லை. குருத்து மட்டும் விறைக்கிறது, அடிப்புறம் மினுங்குகிறது. இதை எங்கோ பார்த்திருக்கிறேன். எங்கே?

28 அக்டோபர், சனி

மகள் ஈப்போவிலிருந்து வரும்போது ஒரு பேனா அளவுக் கருவி வாங்கி வந்தாள். அறுபது மடங்கு பெரிதாக்கும், நுனியில் விளக்கும் இருக்கிறது. இருபது வெள்ளியாம் (ரிங்கிட்). விறைத்த குருத்து ஒன்றைக் கிள்ளி, இந்த முறை கையுறையோடு, அடிப்புறத்தைப் பார்த்தேன்.

முதலில் ஒன்றும் தெரியவில்லை. என் மூச்சுதான் ஆடியது. முழங்கையை மேசையில் ஊன்றிக்கொண்டேன். நரம்பை ஒட்டி முத்துப் போன்ற முட்டைகள். தட்டையாக, கண்ணாடி போல, மேலே வெண்புள்ளிகள் வரிசை வரிசையாகக் கோத்து வைத்த மாதிரி. பக்கத்தில் ஒரு தேன் சொட்டு நகர்ந்தது. எட்டுக் கால். அதைவிடச் சிறியது ஒன்று, அசையாத இன்னொன்றைத் தன் முதுகுப் பின்னால் தூக்கிக்கொண்டு ஓடியது. ஆண் பேன், பருவம் எய்தப்போகும் பெண்ணைச் சுமந்துகொண்டு போகிறது.

மஞ்சள் பேன்! பேன் என்பது பெயர்தான், சிலந்தி வகைச் சிற்றுயிர். தேயிலையில் கவாத்து முடிந்து புதுத் தளிர் வரும்போதும், நாற்றங்காலிலும் இதைத்தான் வருடா வருடம் விரட்டினோம். இலை கீழ்நோக்கிக் குவியும், அடியில் தவிட்டு நிறக் கோடு ஓடும். தோட்டத்தில் யாராவது நுனியைக் காட்டினால் நடந்துகொண்டே சொல்லிவிடுவேன். இலை பெரிதானதும், பூ பெரிதானதும், எனக்கு எதிரியும் பெரிதாகத்தான் இருக்க வேண்டும் என்று தோன்றியிருக்கிறது. நத்தை எண்ணிக்கொண்டிருந்தேன். இதன் நீளம் மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு.

வாசலில் நிற்கும் ஆரஞ்சுப்பூச் செடியையும் பார்த்தேன். அதில் மஞ்சள் பேன் ஒன்றும் இல்லை, செஞ்சிலந்தி இருக்கிறது. மெல்லிய நூலாம்படை, இலை மேல் ஊசிக் குத்துப் போல வெளிர் புள்ளிகள். வீடு ஒன்று, செடி ஒரே சாதி, நோய் மட்டும் இரண்டு. செஞ்சிலந்திக்கு மழை படாத காய்ந்த இடம் பிடிக்கும், தகரக் கூரை அதற்குக் குடை. மஞ்சள் பேனுக்கு ஈரமும் மூடுபனியும் வேண்டும். மழைக்கால ரிங்லெட்டில் இரண்டுக்கும் பஞ்சமில்லை. குளிர் ஊரில் பூச்சி குறைவு என்று கீழே இருப்பவர்கள் சொல்வார்கள். குறைவுதான். ஆனால் இவை மெதுவாகப் பெருகுவதால், நமக்கு உறைப்பதற்குள் காரியம் கடந்துவிடுகிறது.

4 நவம்பர், சனி

மருந்து கந்தகம்தான், இருபது ஆண்டுக்கு முன்பும் அதுதான். நனையும் கந்தகத் தூள், லிட்டருக்கு இரண்டு கிராம். எண்ணெய் அடித்த செடியில் இரண்டு வாரத்துக்குள் கந்தகம் பட்டால் இலை கருகும்; நல்லவேளை, வேப்பெண்ணெய் அடித்து நாற்பது நாள் ஆகிவிட்டது. கடும் வெயிலிலும் கருகும். இங்கே வெயில் எங்கே இருக்கிறது?

மழைதான் தொல்லை. இன்று காலை ஒன்பதிலிருந்து பதினொன்று வரை வானம் விட்டது, அதற்குள் அடித்தேன். இலையின் மேல்புறம் நனைந்து பயனில்லை. தெளிப்பான் முனையைக் கவிழ்த்து, கீழிருந்து மேலாக, குருத்துக்குள் இறங்கும்படி. வெட்டிய நுனிகளைப் பையில் கட்டிக் குப்பைக்குக் கொடுத்தேன், உரக்குழியில் போடவில்லை. வாசல் செடிக்கு மருந்தே தேவையில்லை. தினமும் குழாய்த் தண்ணீரை அடிப்புறத்தில் வேகமாக அடித்தால் போதும்.

12 நவம்பர், ஞாயிறு, தீபாவளி

காலையில் எண்ணெய்க் குளியல், இட்லி, ஆட்டுக்கறி. பத்து மணிக்கு இரண்டாம் முறை கந்தகம். புதுச் சட்டையில் கந்தகத் தூள் விழுந்துவிட்டது. மனைவி சொன்னதை இங்கே எழுத முடியாது. முறுக்குத் தட்டோடு தவுக்கே வீட்டுக்குப் போனேன். முறுக்கை வாங்கிக்கொண்டார். செடியைப் பற்றி அவரும் கேட்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

26 நவம்பர், ஞாயிறு

போன ஞாயிறு மூன்றாம் முறை அடித்தேன். இன்று வெள்ளைச் செடியின் உச்சியில் மூன்று இலைகள், உள்ளங்கை அளவு, தட்டையாக, ஓரம் நேராக. விறைத்த பழைய இலைகள் விறைத்தபடியேதான் இருக்கின்றன, அவை திரும்பாது. புதியது நன்றாக வந்தால் வைரஸ் இல்லை என்பதற்கு அதற்கு மேல் சாட்சி வேண்டியதில்லை.

சாணி உரம் ஒரு வாளி போட்டேன். இந்தச் செடி பெருந்தீனிக்காரன். பெரிய இலைகள் வழியே தண்ணீரை விட்டுக்கொண்டே இருக்கும். நாள் முழுவதும் மழை பெய்த பிறகும் கூரைக்குக் கீழே உள்ள பீப்பாய்ச் செடி மாலையில் வாடிக் கிடக்கிறது.

17 டிசம்பர், ஞாயிறு

தவுக்கே வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கூப்பிட்டார். குரல் இறங்கியிருந்தது.

"கண்டக்டர், அந்தப் பூதக்கண்ணாடி கொஞ்சம் கிடைக்குமா?"

கூடாரத்துக்குள் போனேன். கடைசி இரண்டு வரிசை மிளகாயில் குருத்து கீழே வளைந்திருந்தது. கிள்ளிப் பார்த்தேன்: அதே முத்துகள், அதே வெண்புள்ளிகள். அவரும் குனிந்து நீண்ட நேரம் பார்த்தார். "ஐயோ, நடக்கிறது" என்றார்.

மஞ்சள் பேனுக்கு இறக்கை இல்லை. வெள்ளை ஈயின் காலைப் பிடித்துக்கொண்டு பயணம் போகும். என் செடியிலிருந்து அவர் கூடாரத்துக்குப் போனதா, கூடாரத்திலிருந்து என் செடிக்கு வந்ததா? இருவரும் ஒரே சமயத்தில் வேலியைப் பார்த்தோம். பத்தடி. அதைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை. அடுத்த சனிக்கிழமை காலை இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் அடிப்பது என்று முடிவானது. ஈயைப் பிடிக்க மஞ்சள் நிற ஒட்டும் அட்டைகளை வேலி நெடுக அவர் கட்டித் தருகிறாராம்.

25 ஜனவரி 2024, வியாழன், தைப்பூசம்

கோயிலுக்குப் போய்விட்டு இரவு எட்டு மணிக்குத் திரும்பினோம். மூடுபனி தெருவிளக்கு வரை இறங்கியிருந்தது. வீடு தெரிவதற்கு முன்பே வாசம் வந்தது. பத்தொன்பது பூக்கள், ஒரு சாணுக்கு மேல் நீளம், வாய் ஐந்து முனையாகச் சுருண்டு. அந்திப்பூச்சி ஒன்று ஒரு பூவுக்குள் நுழைந்து, காகிதம் உரசுவது போலச் சத்தம் செய்துவிட்டு வெளியே வந்தது. பக்கத்து வீட்டு அக்கா சிவனுக்கு ஒன்று வைக்கலாமா என்று கேட்டார். மனைவி, "இது கவிழ்ந்த பூ, அக்கா. அவருக்கு நிமிர்ந்ததைக் கொடுங்கள்" என்று சொல்லிக் காப்பாற்றினாள்.

தவுக்கேக்கு ஒரு கிளை தரலாமா என்று கேட்டதற்குக் கை எடுத்துக் கும்பிட்டார். அவருடைய மிளகாய் தேறிவிட்டது. கண்ணாடிதான் இன்னும் திரும்பி வரவில்லை.