ரேக்கில் எதை மிச்சம் வைப்பது? – ஒரு ஸ்கிராபிள் போட்டிக்கான தயாரிப்பும் ஆட்டமும்

ஆங்கில எழுத்துகளைப் பலகையில் அடுக்கிச் சொல்லாக்கும் ஸ்கிராபிளில் செல்லும் இரண்டெழுத்துச் சொற்கள் ஒருவழியாக மனதில் நின்றுவிட்டன. போட்டிகளில் செல்லுபடியாகும் சொற்களைத் தொகுத்த காலின்ஸ் பட்டியலின் 2019 பதிப்பின்படி அவை 127. வீட்டில் பொழுதுபோக்காக ஆடுகிறவர்களுக்கும் போட்டியில் ஆடுகிறவர்களுக்கும் முதல் வித்தியாசம் இங்கேதான் தெரியும். பலகையில் இருக்கும் ஒரு சொல்லை ஒட்டி, அதற்கு இணையாக இன்னொரு சொல்லைப் படுக்கவைக்க இந்தப் பட்டியல் வேண்டும். அப்படி வைத்தால் ஒரே முறையில் நாலைந்து சொற்களுக்குப் புள்ளி விழும். யூ கிடைக்காத க்யூவை ஐயோடு சேர்த்து இறக்கலாம். 10 புள்ளி இசட்டை ஏயோடு சேர்த்து இறக்கலாம்.

அதற்குப் பிறகு நான் உட்கார்ந்து பழகியது, ஒவ்வொரு முறையும் ரேக்கில், அதாவது கையிலுள்ள எழுத்து வில்லைகளை (டைல்) அடுக்கும் தாங்கியில், எதை மிச்சம் வைக்கிறேன் என்று பார்ப்பது. ஆட்டக்காரர்கள் இதை ‘லீவ்’ என்பார்கள். ஏழு டைலையும் ஒரே முறையில் இறக்கினால் 50 புள்ளி கூடுதல், அதுதான் பிங்கோ. போட்டியில் நன்றாக ஆடுகிறவர்கள் ஓர் ஆட்டத்துக்கு இரண்டு பிங்கோவாவது போட்டுவிடுகிறார்கள். அது தானாக வந்து வாய்ப்பதில்லை, அதற்கு முந்தைய முறையில் கையில் எதை விட்டுவைத்தோம் என்பதில் இருக்கிறது. 24 புள்ளிக்கு ஒரு சொல் போட்டுவிட்டு யூ, வி, டபிள்யூ மூன்றையும் கையில் வைத்துக்கொள்வதை விட, 18 புள்ளிக்குப் போட்டு ஈ, ஆர், எஸ் வைத்துக்கொள்வது எவ்வளவோ மேல். விட்ட ஆறு புள்ளி அடுத்த முறையே வட்டியோடு திரும்பும்.

எஸ் விஷயத்தில் இன்னும் கண்டிப்பு வேண்டும். ஆல்ஃபிரட் பட்ஸ் என்ற அமெரிக்கக் கட்டடக் கலைஞர் 1930-களில் இந்த ஆட்டத்தை உருவாக்கியபோது, செய்தித்தாள் பக்கங்களில் ஒவ்வோர் எழுத்தும் எத்தனை முறை வருகிறது என்று எண்ணித்தான் டைல்களின் எண்ணிக்கையை வகுத்தார். ஆனால் 100 டைலில் எஸ்ஸுக்கு நான்கே இடம்தான் கொடுத்தார். பன்மை போட்டே எல்லோரும் பிழைத்துக்கொள்ளக் கூடாது என்பது காரணம். அதனால் எட்டு, பத்துப் புள்ளியாவது கூடுதலாகக் கிடைக்காவிட்டால் எஸ்ஸைத் தொடுவதில்லை என்று வைத்திருக்கிறேன். எந்த எழுத்தாகவும் வைத்துக்கொள்ளக்கூடிய வெற்று டைலான பிளாங்க் இரண்டே இரண்டுதான். அதைப் பிங்கோவுக்கென்றே காப்பாற்றுகிறேன்.

லீவ் நல்லதாக இருந்தாலும் சொல் கண்ணில் பட வேண்டுமே. அதற்கு ஜிஸிவா என்ற மென்பொருளில் தினமும் பயிற்சி. ஏழு எழுத்துகளை அகர வரிசையில் அடுக்கிக் காட்டும், அவற்றிலிருந்து அமையும் சொற்களை நாம் சொல்ல வேண்டும். டி (T), ஐ, எஸ், ஏ, என், ஈ என்ற ஆறும் கையில் இருந்தால், ஏழாவதாகப் பெரும்பாலும் எந்த எழுத்து வந்தாலும் ஒரு பிங்கோ உண்டு. ஜி வந்தால் ‘சீட்டிங்’, ‘டீசிங்’. ஆர் வந்தால் ‘ரீடெய்ன்ஸ்’, ‘நாஸ்டியர்’ என்று வரிசையே இருக்கிறது.

தமிழ்வழியில் படித்த எனக்கு இதெல்லாம் சரிவருமா என்று தொடக்கத்தில் பலர் கேட்டார்கள். நியூசிலாந்துக்காரர் நைஜல் ரிச்சர்ட்ஸ் பிரெஞ்சு பேசத் தெரியாமலேயே, அந்தச் சொற்பட்டியலை மனதில் ஏற்றிக்கொண்டு 2015-ல் பிரெஞ்சு மொழி உலகப் பட்டத்தை வென்றார். எழுத்துகள் சேரும் விதம்தான் இங்கே மொழி. பட்டியலைப் படிக்கும் பொறுமை இருந்தால் எந்த வழியில் படித்தவரும் வரலாம். இதை நான் முழுமனதாக நம்புகிறேன்.

போட்டி சென்னையில். இரண்டு நாள், சுவிஸ் முறை. ஒரே அளவு வெற்றி பெற்றவர்களை எதிரெதிரே உட்கார வைப்பார்கள். வெற்றிகள் சமமானால் மொத்தப் புள்ளி வித்தியாசம் பார்ப்பார்கள், அதனால் தோற்கிற ஆட்டத்திலும் கடைசி டைல் வரை போராட வேண்டும். ஆளுக்கு 25 நிமிடம், செஸ் கடிகாரம். நேரம் தாண்டினால் நிமிடத்துக்கு 10 புள்ளி போகும். பையைக் கண் மட்டத்துக்கு மேலே தூக்கிப் பிடித்துத்தான் டைல் எடுக்க வேண்டும்.

முதல் நாள் காலையில் வங்கியில் இருந்து ஓய்வுபெற்ற ஒருவர் எதிரே. 2007-ல் உலகப் போட்டி மும்பையில் நடந்தபோது நேரில் போய்ப் பார்த்தவர். நைஜல்தான் அந்த ஆண்டும் வென்றார். “அவர் முகத்தைப் பார்த்து ஜெயிக்கிறாரா தோக்கிறாரான்னு சொல்லவே முடியாது சார்” என்றார். அந்த ஆட்டத்தில் இவர் முகத்திலும் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. நிதானமாக என்னைத் தோற்கடித்தார்.

மதியம் ஒரு பள்ளி மாணவன். வேகமான கை. பலகையின் வலது ஓரத்துக்கு ஒரு கட்டம் முன்னால் முடிகிற மாதிரி ‘தோசா’ என்று போட்டான், டி-ஓ-எஸ்-ஏ. அதற்கு அடுத்தது, சொல்லின் புள்ளியை மும்மடங்காக்கும் கட்டம். நான்கு எஸ்ஸில் மூன்று பலகைக்கு வந்துவிட்டன, நாலாவது அவன் கையிலேயே இருந்தது, பிளாங்க் இரண்டும் போயாச்சு. எஸ் சேர்த்து நான் அதை நீட்ட முடியாது என்ற தைரியம் அவனுக்கு. நான் மேலிருந்து கீழாக ஒரு சொல் போட்டேன், அதன் ஐ அந்த மும்மடங்குக் கட்டத்தில் விழுந்தது. ‘தோசா’ ‘தோசாய்’ ஆனது, இரண்டு சொல்லுக்கும் மூன்று மடங்கு.

“அங்கிள், ஹோல்ட்” என்றவன் கொஞ்சம் யோசித்துவிட்டு, “சேலஞ்ச்” என்றான், அதாவது அந்தச் சொல் செல்லாது என்று. கடிகாரத்தை நிறுத்திவிட்டு இருவரும் மடிக்கணினிக்குப் போனோம். செல்லும் என்று வந்தது. தவறான சேலஞ்சுக்கு எங்கள் போட்டியில் 5 புள்ளி, அதுவும் எனக்கு. வட அமெரிக்கப் போட்டிகளில் சேலஞ்ச் தோற்றால் தன் முறையையே இழக்க வேண்டும்.

“நம்ம தோசை மாதிரியே இருக்கே அங்கிள்?”

“ஆமாம்பா. அவங்க பட்டியல்ல அது தோசாவோட பன்மை.”

எனக்கு மிகவும் பிடித்த ஆட்டம் இரண்டாம் நாள் கடைசியில் வந்தது. போட்டியில் தரும் தாளில் 100 எழுத்தும் அச்சாகியிருக்கும், பலகைக்கு வந்ததை ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வரலாம். பை காலியானபோது என் கையில் நான்கு டைல், எதிரே ஐந்து. தாளில் அடிக்காமல் நின்ற எழுத்துகளில் என்னுடையதைக் கழித்தால் அவருடைய ஐந்தும் கிடைத்துவிட்டன. அதில் ஒன்று க்யூ. யூ நான்கும் பலகையில், அவர் கையில் ஐயும் இல்லை. பலகையில் க்யூ போக ஒரே இடம்தான் இருந்தது: ஓரிடத்தில் ஒரு ஐக்கு முன்னால் காலியாக இருந்த கட்டம். எனக்கு வேறு இடத்தில் இருபது புள்ளி ஆட்டம் ஒன்று தயாராக இருந்தது. அதை விட்டுவிட்டு இரண்டு டைலால் அந்தக் கட்டத்தை அடைத்தேன், கிடைத்தது ஏழு புள்ளி. அவர் வெகுநேரம் பலகையைப் பார்த்துவிட்டு மூன்று டைலை இறக்கினார். மிச்ச இரண்டையும் நான் போட்டு முடித்தேன். அவர் கையில் தங்கியது க்யூவும் ஒரு எல்லும், 11 புள்ளி. முடித்தவருக்கு அது இரட்டிப்பாகச் சேரும், 22. ஆட்டம் 14 புள்ளி வித்தியாசத்தில் என் பக்கம்.

மொத்தத்தில் தரவரிசையின் நடுப்பகுதியில் முடித்தேன். முதல் ஐந்து பலகைகளில் நடந்த ஆட்டங்களை ஓய்வு நேரத்தில் நின்று பார்த்ததே பெரிய பாடம். அவர்கள் டைலை மாற்றிக்கொள்ளத் தயங்குவதே இல்லை. பையில் ஏழு டைலாவது இருக்கும்வரை ஒரு முறையை விட்டுக்கொடுத்து மோசமான எழுத்துகளைத் திருப்பிப் போடலாம். பூஜ்யம் வாங்கிக்கொண்டு ஐந்து எழுத்தைத் திருப்பிப் போட்டவர் அடுத்த முறையே பிங்கோ போட்டதைக் கண்ணால் பார்த்தேன்.

எழுதி வைத்த ஆட்டங்களை இப்போது குவாக்கிள் என்ற மென்பொருளில் ஏற்றிப் பார்க்கிறேன். ஒவ்வொரு முறைக்கும் வேறு என்னென்ன போட்டிருக்கலாம் என்று அது ஆடிப் பார்த்து வரிசைப்படுத்தும். எங்கே மாற்றியிருக்கலாம் என்பதை மட்டும் தனியாகக் குறித்துக்கொள்கிறேன். கூடவே எட்டெழுத்துச் சொற்களும் தொடங்கியாயிற்று, ஏழு கையில், ஒன்று பலகையில். அடுத்தது பெங்களூரு. அதற்குள் ‘தலாக்’, ‘ஃபக்கீர்’ போன்ற, யூ இல்லாத க்யூ சொற்களை முழுதாக முடித்துவிட வேண்டும்.